ஏழாவது பங்கு

அச்சகத்துக் கேண்டீனில் அவளுக்கு 'தலைக்கெவ்வளவு அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். காய்கறிக்காரர் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு விலையைச் சொன்னால், அவள் மனசுக்குள்ளேயே மூட்டையைப் பிரித்து, தோலுக்கும் அழுகலுக்கும் கழித்து, சாப்பிட வருகிறவர்களுக்குப் பங்கு போட்டு, "அப்படின்னா தலைக்கு எவ்வளவு ஆகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். ஒரு முறை மிஷின் பிரிவுக்காரர் ஒருவர் இறந்தபோது மலர் வளையம் வாங்கப் போன இடத்திலும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள். கடைக்காரர் திகைத்துப்போய், "எத்தனை தலைம்மா?" என்றார்.

பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரை. அப்பா இறந்த வருஷம் அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது, வீட்டில் கைக்குழந்தை. குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஆள் இவள்தான். அன்றைக்கு இடுப்பில் ஏறிய தங்கச்சி, நடக்கப் பழகி, படித்து, வேலைக்குப் போய், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பத்துப் பேருக்கு மேலாளாக ஆன பிறகும் அக்காவின் வாயில் பாப்பாதான். அவளுடைய பட்டமளிப்புப் படத்தைக் கேண்டீன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தாள். ஆணி அடிக்கும்போது மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னம்மா, புது முதலாளியா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல சார்" என்றாள்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் ஒத்து வரலை" என்பாள், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒற்றை அறையும் சமையலறையுமாக இருந்த வீட்டில் அவள் தனியே இருந்தாள். பாப்பா ஆபீஸுக்குப் பக்கத்தில் தோழிகளோடு தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், கட்டிலில் குப்புறப் படுத்து போனைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா, நாம ஒரு ட்ரிப் போறோம்" என்றாள்.

"என்ன ட்ரிப்பு?"

"பேச்சிலரெட் பார்ட்டி."

"பேச்சிலர்னா ஆம்பளைங்கதானே? அவங்களுக்கு வீடே வாடகைக்குத் தர மாட்டாங்களே."

பாப்பா சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. "அய்யோ அக்கா! கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் அவ கூட்டாளிங்களும் எங்கயாச்சும் வெளியூர் போய் ரெண்டு நாள் ஜாலியா இருந்துட்டு வர்றது."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு அங்க என்ன வேலை? பொண்ணுங்க மட்டும்தான்."

"சரி, போய் என்ன பண்ணுவீங்க?"

"அது என்ன பண்ணுவீங்க? நீயும்தான் வர்றே. நாம கடல்ல கால் நனைப்போம். லேட்டா எந்திரிப்போம். யாரோ சமைச்சுப் போட, உட்கார்ந்து சாப்பிடுவோம்."

யாரோ சமைத்துப் போட. அக்கா அதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை பாப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறார். போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் லீவு. கல்யாண நாளில் பாப்பாவைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள். அக்கா பந்தியில் நிற்பாள். ஆக, தங்கச்சியோடு அவளுக்கு மிச்சமிருந்தது இந்த இரண்டு நாள்தான்.

"காசுதான் இடிக்குதுக்கா" என்றாள் பாப்பா. "தலைக்குப் பன்னண்டாயிரத்துக்கு மேல போனா ரெண்டு பேர் கழண்டுக்குவாங்க. தலைவி போட்ட பட்ஜெட் லட்சத்தைத் தாண்டி நிக்குது. நீ போட்டுக் குடேன். ஏழு பேருக்கு."

தலைவி என்பது பாப்பாவின் அறைத்தோழி. எதற்கும் முன்னால் நின்று உத்தரவு போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். அவள், பாப்பா, ஆபீஸ் தோழிகள் நாலு பேர், அக்கா. ஏழு.

அடுத்த மூன்று வாரம் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தாள். தலைவி கேட்டிருந்த பலூன் தோரணத்துக்கு ஒன்பதாயிரம் என்று கேள்விப்பட்டதும், "காத்துக்கா இந்த விலை?" என்று பாப்பாவிடம் போனிலேயே சண்டை பிடித்தாள். பலூன் பாக்கெட் மொத்தக் கடையில் வாங்கிக்கொள்வது, ஊதுவதற்கு ஏழு வாய் இருக்கிறது என்று முடிவானது. காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் முட்டையும் இங்கிருந்தே எடுத்துப் போவது. மற்ற வேளைக்கு அங்கே ஓர் அம்மாள் வந்து சமைத்துத் தருவாள். வேன் பால்காரரின் மைத்துனருடையது. படகுச் சவாரியை மட்டும் அவள் தொடவில்லை. தலைவிக்காக விட்டுக்கொடுத்தாள் என்று பாப்பா நினைத்தாள். அக்கா இதுவரை படகில் ஏறியதில்லை.

கடலோர வீட்டின் உரிமையாளர் கப்பலில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு நாலு முறை போனில் பேசி, வாடகையை இறக்கி, சுத்தம் செய்யும் கூலியையும் அதற்குள்ளேயே அடக்க வைத்தாள். எல்லாம் சேர்த்து எண்பத்து நாலாயிரம். ஏழால் வகுத்தால் சரியாகப் பன்னிரண்டாயிரம். பாப்பா போனிலேயே கத்தினாள்: "அக்கா, நீ எங்க கம்பெனிக்கே வந்துடு!" பிறகு குரலை இறக்கி, "வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்க்கா. உன் பங்கை முதல்ல கட்டிடேன். மத்தவங்க சம்பளம் வந்ததும் தந்துடுவாங்க" என்றாள். அக்கா அன்று மதியமே பணத்தைக் கட்டிவிட்டாள்.

கேண்டீனில் லீவு கேட்டபோது சமையல் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "லீவா? நீங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கடற்கரைக்குப் போறோம். நானும் என் தங்கச்சியும். கூட அவ கூட்டாளிங்க."

"போயிட்டு வாங்க தாயி. ரெண்டு நாளைக்கு இந்த உருளைக்கிழங்காவது நிம்மதியா வேகட்டும்."

சனிக்கிழமை பயணம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மளிகை அறையில் எண்ணெய் டின்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அக்கா பாப்பாவைக் கூப்பிட்டாள். குரலில் வெற்றி இருந்தது.

"பாப்பா, ஒரு சேதி. வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்."

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாஸ்டர் தலையை நீட்டி, "எனக்குத் தெரியாம எப்ப வந்தாரு உங்க வீட்டுக்காரரு?" என்றார். அக்கா அவரை நோக்கிக் கையை ஓங்கிவிட்டுப் போனில் தொடர்ந்தாள். "அங்க ஆறு கட்டில்தான் இருக்காம். நான் விடுவேனா? தனியா ஒரு மெத்தை போடச் சொல்லிட்டேன். அதுக்குக் காசு கிடையாது. உன் கட்டில் பக்கத்திலேயே போட்டுக்கலாம், நீ பேசிக்கிட்டே தூங்குவியே, அதுக்கு..."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பாப்பா? லைன்ல இருக்கியா?"

"எதுக்குக்கா மெத்தை?"

"பின்னே? நான் என்ன வெறுந்தரையிலயா படுக்கிறது? நாம ஏழு பேர், கட்டில் ஆறு."

"இல்லக்கா... நாங்க ஆறு பேர்தான்."

எட்டாம் வகுப்பில் படித்த இலக்கணம் எதுவும் அக்காவின் நினைவில் இல்லை. ஆனால் 'நாம' என்பதற்குள் தான் இருந்ததும், 'நாங்க' என்பதற்குள் தான் இல்லாததும் புரிய அது வேண்டியிருக்கவில்லை. ஆறு என்ற எண்ணைக்கூட அவள் கவனிக்கவில்லை. நாங்க. அந்த வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றது.

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். எண்ணெய் டின்களை ஒரு முறை எண்ணினாள். எண்ணி முடித்ததும் எத்தனை என்று மறந்துபோனது.

"என்ன அக்கா, மெத்தை கிடைச்சுதா?" என்றார் மாஸ்டர்.

"கிடைச்சுது" என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். தோழிகளுக்கு நடுவே தான் வேண்டாம் என்றால் வேண்டாம். அது ஒரு பக்கம் வலித்தது. ஆனால் வலி அங்கேயே நிற்கவில்லை. ஆறு பேர் போகிற ட்ரிப்புக்குக் கணக்கு ஏழால் வகுத்துக் கிடந்தது. அந்த ஏழாவது பங்கு எங்கே போனது? அவள் கையிலிருந்து போனது. அதை வைத்துத்தான் பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரமாக நின்றது. கேண்டீனில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அதற்கு அவள் என்ன பெயர் வைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். அந்தப் பெயரைத் தங்கச்சிக்கு வைக்க மனசு வரவில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் போனை எடுத்து, பாப்பாவுக்கும் தலைவிக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டியது: 'மொத்தம் எண்பத்து நாலாயிரம். ஆட்கள் ஆறு. தலைக்குப் பதினாலாயிரம். நான் கட்டியதைத் திருப்பி அனுப்பவும்.'

மறுநாள் காலை பாப்பா கூப்பிடவில்லை. கூப்பிட்டது தலைவி. குரலில் சர்க்கரையைக் கொட்டியிருந்தாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? நாங்க எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். நீங்களும் எங்ககூட வாங்களேன்! செம ஜாலியா இருக்கும்."

"அப்படியா? இது எப்போ பேசினது?"

"இப்பதான்க்கா. காலையில."

"செய்தி பார்த்த பிறகா?"

"அது... இல்லக்கா, பதினாலுன்னதும் ரெண்டு பேர் முகம் சுருங்கிடுச்சு. நீங்களும் வந்துட்டா பழைய கணக்கே ஓகே ஆகிடும் பாருங்க. உங்களுக்கும் ஒரு சேஞ்ச்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை ஒரு கூட்டம் வா வா என்று அழைத்தது, தலைக்கு இரண்டாயிரம் மிச்சம் என்பதற்காக. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

"பாப்பா கூப்பிடச் சொன்னாளா?"

"இல்லக்கா, நானாத்தான்..."

"சரிம்மா. வேலை கிடக்கு" என்று வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாப்பாவே வந்தாள். அக்கா மேசையில் போர்வையை விரித்து கேண்டீன் ஏப்ரனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம் போலக் கட்டிலில் விழாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஒரு கவரை மேசை ஓரத்தில் வைத்தாள்.

"உன் காசு."

"வை."

"வாக்கா. எல்லாரும் உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். நீ சொல்றியா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இதற்கு ஒரு 'ஆமா' வந்திருந்தால் எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு இரண்டு துணியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள். அது பாப்பாவுக்கும் தெரியும்.

வரவில்லை.

"முதல்ல நிஜமாவே உன்னை நினைச்சுத்தான்க்கா சொன்னேன்" என்றாள் பாப்பா தரையைப் பார்த்து. "அப்புறம் யோசிச்சேன். நீ வந்தா நான் பாப்பாதான். எல்லார் முன்னாடியும் தலை துவட்டி விடுவே. ஒரு ஐஸ்கிரீம் வாங்கினா விலையைக் கேட்டு உச்சுக் கொட்டுவே. எனக்கு ரெண்டே ரெண்டு நாள் யாருக்கும் பாப்பாவா இல்லாம இருக்கணும்னு தோணுச்சு. அது தப்பா?"

"தப்பில்லை."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பே இல்லை. அன்னைக்கே சொல்லியிருந்தா, அட சரிதான் போடின்னு ஆறால வகுத்துக் கொடுத்திருப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லு. நான் வேண்டாம்னு நீ முடிவு பண்ணினது, என்கிட்ட அட்வான்ஸ் கட்டச் சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"முன்னாடி" என்றாள் பாப்பா.

"அப்போ என் பங்கு எதுக்கு?"

"தலைக்கு ரெண்டாயிரம் ஏறிடும்னு தலைவி சொன்னா... அக்கா எனக்குத் தராததா, அப்புறமா சொல்லிக்கலாம்னு நான்தான்..."

"எப்போ சொல்றதா இருந்தே? வேன் கிளம்பின பிறகா?"

"அக்கா, ப்ளீஸ்."

"தலையைக் கழிச்சுட்டீங்க. தலைக்குண்டான காசை மட்டும் உள்ள வெச்சுக்கிட்டீங்க." அக்கா இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஏப்ரனின் நாடாவை நீவிக்கொண்டே சொன்னாள். "கேட்டு வாங்கியிருந்தா அது உனக்கு நான் கொடுத்ததா இருந்திருக்கும்."

பாப்பா அழுதாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் அக்காவின் கை தானாக நீளும். அன்று கை இஸ்திரிப் பெட்டியின் பிடியிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று எழுந்தாள். "பார்த்துப் போ" என்றாள் அக்கா. காலணி மாட்டும் சத்தம், படி இறங்கும் சத்தம். கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை லீவு நாள் வந்தது. லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போகலாம்தான். போனால் மாஸ்டர் கேட்பார். மாஸ்டர் கேட்டால் மேனேஜர் வரைக்கும் போகும். கல்லாவுக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் பார்த்து, இவளா அக்காவை விட்டுவிட்டுப் போனவள் என்று நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க அவள் தயாராக இல்லை. அதனால் கடற்கரைக்குப் போனவள் மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கேண்டீன் ஆட்கள் யாரும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தெருமுனைக் கடைக்குப் போகாமல் பின்சந்து வழியாகச் சுற்றிப்போய் ரொட்டி வாங்கி வந்தாள்.

பத்து மணிக்குத் துணி துவைக்க உட்கார்ந்தாள். குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தபோது மாஸ்டர் கூப்பிட்டார். சர்க்கரை டப்பா சாவி எங்கே என்று தெரியவில்லையாம்.

"கல்லா மேசை, ரெண்டாவது டிராயர், நூல் பந்துக்குக் கீழே."

"அடடா, கடல் சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே அக்கா!"

அக்கா குழாயைப் பார்த்தாள். "ஆமா, நல்ல அலை" என்றாள்.

"தண்ணியில ரொம்ப தூரம் போயிடாதீங்க. தங்கச்சி கையைப் பிடிச்சுக்குங்க."

"சரி மாஸ்டர்."

வைத்த பிறகு குழாயை மூடினாள். துணிகளை நீரில் அமுக்கினாள். அமுக்கியது போதும் என்று தோன்றிய பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் மறுபடி போன் அடித்தது. திரையில் பாப்பா. அக்கா நாலைந்து மணி அடிக்கவிட்டு எடுத்தாள். பின்னால் காற்றும், தோழிகளின் கூச்சலும், யாரோ யாரையோ துரத்தும் சிரிப்பும் கேட்டன.

"அக்கா, இங்க வீட்டுக்காரர் சுத்தம் பண்ணற கூலிக்குத் தனியா மூவாயிரம் கேக்கறார். நீ என்ன பேசினேன்னு எங்களுக்குத் தெரியலை..."

"சொல்லுங்க. எவ்வளவு கேக்கறார்?"

"மூவாயிரம்."

"அது வாடகைக்குள்ளேயே அடக்கம். அப்படித்தான் பேசி முடிச்சது. நீங்க கொடுக்க வேண்டாம்."

"அக்கா... நான்தான் பேசறேன்."

"தெரியுது. வேற ஏதாவது கேட்டாரா உங்ககிட்ட?"

காய்கறிக்காரரிடமும் எண்ணெய்க் கடைக்காரரிடமும் பேசுகிற அதே குரல். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பிறந்த நாளிலிருந்து 'வாடி' 'போடி' என்றே கேட்டுப் பழகியவள், அந்த 'உங்ககிட்ட'வை வாங்கி வைக்க இடமில்லாமல் திணறுவது மூச்சில் தெரிந்தது. கூச்சல் மெல்லத் தேய்ந்தது. பாப்பா கூட்டத்தை விட்டுத் தள்ளி நடந்து வந்திருக்க வேண்டும்.

"என்னை ஏன்க்கா நீங்கங்கறே? திட்டணும்னா திட்டிடு. ஒரே ஒரு தடவை போடின்னு சொல்லு."

அக்கா சொல்லத்தான் பார்த்தாள். சின்ன வார்த்தை. ஒரு நாளைக்கு இருபது தடவை யோசிக்காமல் வாயில் வந்த வார்த்தை. இப்போது தேடிப் பார்த்தாள். தொண்டைக்குக் கீழே எங்கோ இருந்தது, மேலே வரவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க" என்றாள். "வீட்டுக்காரர்கிட்ட போனைக் கொடுங்க. நான் பேசிக்கிறேன்."